சுழல் காற்றாடி: பாளையங்கோட்டை ஷீட் கூரை வீட்டில் ஒரு பயன்பாட்டு மதிப்பீடு

மின்சாரம் இல்லாமல் காற்றிலும் வெப்பத்திலும் சுழன்று, கூரைக்கடியில் தேங்கும் சூட்டை வெளியேற்றும் கருவி என்று விற்கப்படும் சுழல் காற்றாடியை, கடைக்காரர்கள் டர்போ வென்டிலேட்டர் என்கிறார்கள். முன்பெல்லாம் கிட்டங்கிகளிலும் அரிசி ஆலைகளிலும் மட்டுமே காணக்கிடைத்த இந்த அலுமினிய வெங்காயம், இப்போது பெருமாள்புரம், மகாராஜநகர், கே.டி.சி. நகர் பக்கத்து வீடுகளின் மாடிகளிலும் உருளத் தொடங்கியிருக்கிறது. எங்கள் வீட்டுத் தட்டட்டியின் (மொட்டை மாடியின்) மேல் போட்ட ஷீட் கூரையில் அதைப் பொருத்தி, ஒரு கோடையையும் ஒரு காற்றுக்காலத்தையும் ஒரு பெருமழையையும் கடந்த பிறகு இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். கருவி நல்லது, அதை விற்கும் முறைதான் சரியில்லை. மேலே வெளியேறும் காற்றுக்கு வழி செய்து தருகிறவர்கள், அதற்கு ஈடாகக் கீழே உள்ளே வரவேண்டிய காற்றைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசுவதில்லை.

மாடி அறை 30 அடி நீளமும் 20 அடி அகலமும் கொண்டது. இருபுறமும் சரியும் வண்ணத் தகட்டுக் கூரை, அதற்குக் கீழே ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங், இரண்டுக்கும் நடுவே ஒரு முக்கோண வெற்றிடம். மாலையில் பிள்ளைகளுக்கு டியூஷன் நடப்பது அங்கேதான். சித்திரை, வைகாசியில் நண்பகல் வெயில் தகட்டின் மேல் விழும்போது, தகடு தனக்குக் கீழுள்ள காற்றைச் சுடவைக்கிறது. அதோடு நில்லாமல், அடுப்பின் எதிரே நிற்பவர் முகத்தில் அனல் படுவதற்கான அதே காரணத்தால், ஃபால்ஸ் சீலிங்கின் முதுகிலும் நேரடியாக வெப்பத்தை வீசுகிறது. அந்தப் பலகை சூடேறியபின் மின்விசிறியைப் போட்டால், அது மேலே இருக்கும் வேக்காட்டைக் கீழே தள்ளுவதைத் தவிர வேறொன்றும் செய்வதில்லை. ஆறு மணிக்கு வெளியே காற்று குளிர்ந்துவிட்டாலும், அடைபட்ட வெற்றிடம் குளிர்வதற்கு இரவு வெகுநேரம் ஆகும். (கீழ்த்தளத்துக்கு மட்டும் இதில் ஒரு லாபம் உண்டு. கான்கிரீட் தளத்தின் மேல் நேரடி வெயில் படாததால், கீழ் அறைகள் முன்னைவிடக் குளுமையாகவே இருக்கின்றன.)

கடையில் அளவைச் சொன்னதும், "மூணு போட்டாத்தான் அண்ணாச்சி வேக்காடு போகும்" என்றார்கள். மூன்று என்ற எண் எந்தக் கணக்கில் வந்தது என்று கேட்டபோது பதில் இல்லை. கணக்கு உண்மையில் இருக்கிறது. அமெரிக்காவில் பரவலாகப் பின்பற்றப்படும் குடியிருப்புக் கட்டட விதித்தொகுப்பு, கூரைக்கடி வெற்றிடத்தின் தரைப்பரப்பில் 150இல் ஒரு பங்காவது காற்றுத் திறப்பாக இருக்கவேண்டும் என்கிறது. மொத்தத் திறப்பில் 40 முதல் 50 விழுக்காடு முகட்டையொட்டி 3 அடிக்குள்ளும், மீதி இறவாரத்திலும் (சுவரையொட்டிய கூரையின் கீழ் விளிம்பிலும்) அமையுமானால் 300இல் ஒரு பங்கு போதும் என்றும் சலுகை தருகிறது. குளிர்காலத்தில் வீட்டின் ஈரம் கூரை மரத்தில் படிந்து உளுத்துவிடாமல் காப்பதை முதன்மையாக எண்ணி எழுந்த விதி அது. ஆகவே நெல்லை வெயிலுக்கு அதை அப்படியே வேதவாக்காகக் கொள்ளவேண்டியதில்லை. ஆனாலும் ஓர் அளவுகோலாக அது பயன்படும். எங்கள் 600 சதுர அடிக்கு 150இல் ஒரு பங்கு என்றால் 4 சதுர அடி; அதில் மேலே பாதி, கீழே பாதி என்று பிரித்தால் தலைக்கு 2 சதுர அடி. 24 அங்குல விட்டக் கழுத்துள்ள ஒரு காற்றாடியின் வாய் மட்டுமே 3 சதுர அடிக்குச் சற்று மேல் வரும். ஆக, தாராளமான கணக்கின்படியும் ஒரு காற்றாடியே போதும். முகட்டின் நடுவில் ஒன்றை மட்டும் பொருத்தச் சொன்னேன்; மற்ற இரண்டுக்கான பணம் கீழே குறிப்பிடும் வேலைகளுக்கு உதவியது.

காற்றாடி ஏறிய முதல் வாரத்தில் மாற்றம் அவ்வளவாகத் தெரியவில்லை. காரணம் இறவாரத்தில் இருந்தது. ஷீட் போட்ட ஒப்பந்தக்காரர், பறவையும் தூசியும் வராமல் இருக்க, தகட்டின் மடிப்புகளுக்கும் சுவருக்கும் இடையிலுள்ள சந்துகளை எல்லாம் ஃபோம் வைத்தும் சிமென்ட் பூசியும் இறுக அடைத்திருந்தார். ஒரு பானையின் வாயை மட்டும் திறந்துவைத்தால் உள்ளே உள்ள காற்று எப்படி மாறும்? உள்ளே வர வழியில்லாதபோது, காற்றாடி ஃபால்ஸ் சீலிங்கில் விளக்குகளுக்காகப் போட்ட துளைகள் வழியாக அறையின் காற்றையே உறிஞ்சத் தொடங்கும். குளிர்சாதனம் உள்ள அறையென்றால், காசு கொடுத்துக் குளிரவைத்த காற்று கூரை வழியாகப் போய்க்கொண்டிருக்கும். சூரிய மின்விசிறி பொருத்திய வெளியேற்றிகளுக்கும் இதே நியாயம்தான். அவை இன்னும் வலுவாக உறிஞ்சும் என்பதால் தீங்கும் கூடுதல்.

பிறகு இறவாரத்தின் இரு பக்கமும் அடைப்பை எடுத்துவிட்டு, கீழ்நோக்கிச் சரிந்த இதழ்கள் கொண்ட அலுமினியச் சட்டங்களை வரிசையாக வைத்தோம். சட்டமும் வலையும் காற்றின் வழியில் ஒரு பகுதியைத் தின்றுவிடும் என்பதால், கணக்குக்குத் தேவையானதைப்போல் இருமடங்கு திறப்பு விட்டோம். வலை விஷயத்தில் வெல்டர்கள் பழக்கத்தால் கொசுவலையையே கொண்டுவருவார்கள், அதை ஏற்கவேண்டாம். ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே கொசுவுக்கு என்ன வேலை? அணிலையும் மைனாவையும் வவ்வாலையும் தடுத்தால் போதும், அதற்குக் கால் அங்குலக் கண் உள்ள கம்பிவலை போதுமானது. கொசுவலை ஒரு காற்றுக்காலத்துச் செம்மண் தூசியிலேயே அடைந்துவிடும். திசையையும் பார்க்கவேண்டும். குற்றாலத்தில் சாரல் அடிக்கும் மாதங்களில் திருநெல்வேலிக்கு வருவது பெரும்பாலும் மழையில்லாத வெறும் மேற்குக் காற்று. ஆகவே மேற்கு இறவாரத்தைத் தயங்காமல் திறந்துவிடலாம். மழையைக் கொண்டுவருவது ஐப்பசி, கார்த்திகையின் வாடை, அதாவது வடகிழக்குக் காற்று. அதனால் கிழக்கு இறவாரத்துக்கு மட்டும் தகட்டை ஓர் அடி கூடுதலாக வெளியே நீட்டி, சாரல் உள்ளே வராதபடி செய்தோம். இந்த வேலை முடிந்த பிறகுதான் காற்றாடி தன் கூலிக்கு உழைத்தது. மாலை ஐந்தரைக்கு டியூஷன் தொடங்கும்போது முன்பு அறைக்குள் நுழைந்தவுடன் தலையில் அழுத்திய சூடு இப்போது இல்லை. விசிறிக் காற்றும் காற்றாகவே வருகிறது.

ஆனால் நண்பகல் இன்னும் நண்பகல்தான். தகட்டிலிருந்து ஃபால்ஸ் சீலிங்குக்கு நேரே வீசும் அனலைக் காற்றோட்டத்தால் தடுக்கமுடியாது. அதற்குத் தேவை பளபளப்பான அலுமினியத் தாள். தகட்டுக்குக் கீழே ஓர் அங்குலமாவது இடைவெளி விட்டு, மினுக்கும் பக்கம் கீழே பார்க்கும்படி கட்டவேண்டும். மேலே பார்த்தால் தூசி படிந்து சில ஆண்டுகளில் பயன் குறையும். இருபக்கமும் மினுக்கும் தாளென்றால், தகட்டோடு ஒட்டிவிட்டால் மேல்பக்கத்தின் மினுக்கம் வீண். ஒரு காற்றாடியைக் குறைத்துக்கொண்டு, அதன் விலையை இந்தத் தாளில் போடுவதே கெட்டிக்காரத்தனம் என்பது என் கருத்து. தாள் வந்தபிறகே மதிய வகுப்பு நடத்தலாம் என்ற நிலை வந்தது.

பருவத்தைப் பொறுத்தவரை இந்தக் கருவிக்கு ஒரு முரண் உண்டு. அது மிக வேகமாகச் சுழல்வது ஆனி, ஆடியில். ஆரல்வாய்மொழிக் கணவாயும் செங்கோட்டைக் கணவாயும் திறந்துவிடும் அந்தக் காற்றை நம்பித்தான் முப்பந்தலிலும் கயத்தாற்றிலும் காற்றாலைகள் நிற்கின்றன. அக்னி நட்சத்திரத்தின் நண்பகலில், நமக்கு அது மிகவும் தேவைப்படும் வேளையில், இதழ்கள் சோம்பலாகத்தான் நகரும். அப்போதும் வெந்த காற்று தன் இலேசால் அந்த வாய் வழியே ஏறிப்போகவே செய்யும் என்பதால் முழு ஏமாற்றம் இல்லை. ஆடிக் காற்றில் இரவெல்லாம் ஒரு மெல்லிய இரைச்சல் கேட்கும். கீச்சொலியாக மாறினால் பேரிங் தேய்கிறது என்று பொருள். வாங்கும்போதே மூடிய வகைப் பேரிங்கா என்று கேட்டு, கையால் சுழற்றி, ஆட்டமில்லாமல் நிற்கிறதா என்று பார்ப்பது நல்லது.

மழையைப் பற்றி விரிவாகச் சொல்லவேண்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் கொட்டிய மழைக்கு (காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர்) எந்தக் கூரையும் தன் குறையை மறைக்கமுடியவில்லை. காற்றாடியின் தலை வழியாக உள்ளே வந்தது சில துளிகள்தான். சுழலும் இதழ்கள் நீரை வெளியே எறிந்துவிடுகின்றன. ஒழுகியது, காற்றாடியைக் கூரையோடு இணைக்கும் அடித்தகட்டின் மேல் விளிம்பு. முகட்டிலிருந்து இறங்கும் நீர் அந்த விளிம்பின் மேல் ஏறி ஓடவேண்டுமானால், விளிம்பு மேல் தகட்டுக்கு அடியில் செருகப்பட்டிருக்கவேண்டும். பொருத்தியவர்களோ தகட்டின் மேலேயே அதை வைத்து, சுற்றிலும் சிலிகான் பசையைத் தடவிவிட்டுப் போயிருந்தார்கள். வெயிலில் தகடு விரிந்து சுருங்கும் ஊரில் அந்தப் பசை ஓராண்டு தாங்கினாலே அதிகம். வெள்ளம் வடிந்தபின் வந்து, முகட்டுத் தகட்டைக் கழற்றி, அடித்தகட்டை உள்ளே செருகிச் சரிசெய்தார்கள்; கூலி கேட்கவில்லை, புதுத் தகட்டுக்கு மட்டும் வாங்கிக்கொண்டார்கள். திருகாணிகளுக்கு ரப்பர் வாஷர் இருக்கிறதா என்பதையும் நீங்களே மேலே ஏறிப் பார்த்துவிடுங்கள். திருச்செந்தூர், உவரிப் பக்கம் கடலோரத்தில் இருப்பவர்கள் அலுமினியத் தகட்டில் சாதாரண இரும்பு ஆணி அடிக்கவிடக்கூடாது. உப்புக்காற்றில் இரண்டும் சேருமிடம் விரைவில் அரித்துவிடும்.

வெறும் கான்கிரீட் தளம் உள்ள வீட்டுக்கு இந்தக் கருவியால் பயனில்லை. அங்கே காற்று தேங்க வெற்றிடமே கிடையாது, தளத்துக்கு வெள்ளை அடிப்பதே சிக்கனம். கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் பக்கத்துப் பழைய ஓட்டு வீடுகளுக்கும் இது வேண்டாம். ஓடுகளின் சந்து வழியாகக் கூரை தானே மூச்சுவிடும். கீழே பலகையும் மண்ணும் போட்ட மச்சு சூட்டைத் தடுத்துக்கொள்ளும். அழகுக்காக அந்த ஓட்டின் அடியில் பிளாஸ்டிக் சீலிங்கை இறுக அடித்தவர்கள்தான் புழுக்கத்தை விலைக்கு வாங்குகிறார்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரை உள்ளவர்கள் எந்தக் காரணத்துக்காகவும் அதை வெட்டித் துளையிட ஒப்புக்கொள்ளவேண்டாம். அந்தத் தூசி நுரையீரல் புற்றுநோய்க்குக் காரணமாகும் என்பது ஐயமற நிறுவப்பட்ட ஒன்று. எங்களுக்குப் பொருத்திய ஆட்களே பக்கத்துத் தெருவில் ஓர் ஆஸ்பெஸ்டாஸ் கூரையை முகமூடிகூட இல்லாமல் அறுத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அந்த வேலைக்கு அவர்களை நான் யாருக்கும் பரிந்துரைக்கமாட்டேன். தகட்டுக் கூரைக்கு, அடித்தகட்டைச் செருகிப் பொருத்துவதாக எழுதி வாங்கிக்கொண்டு, தாராளமாகக் கூப்பிடலாம்.