மர அரம்: கையால் பல் எழுப்பியதா, எந்திரத்தில் வெட்டியதா?

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் மம்பட்டிக் காம்பு, கலப்பை மேழி, நாற்காலிக் கை என்று வளைவு வேலை செய்யும் ஆசாரிகளுக்கு மர அரம் (மரத்தை ராவும், தனித்தனிப் பல் எழும்பிய இரும்பு அரம்) இல்லாமல் நடக்காது. கடையில் கிடைப்பது பெரும்பாலும் எந்திரத்தில் வெட்டியது. கையால் பல் எழுப்பியது பல மடங்கு விலை. அந்த விலை எதற்கு என்பது பல் வரிசையைப் பார்த்தால் தெரியும்.

எந்திர அரத்தில் பற்கள் ஒரே இடைவெளியில் வரிசை கட்டி நிற்கும். முன்பல் கீறிய பள்ளத்திலேயே பின்பல்லும் ஓடும். வேப்பங்காம்பில் பத்து முறை தள்ளிவிட்டு, வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். உழவு சால் மாதிரி கோடு கோடாகத் தெரியும். அதை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தே ஒரு மணி நேரம் போகும்.

பிரான்சில் ஓரியூ, லியோஜியே பட்டறைகளில் இன்றும் கையால்தான் பல் எழுப்புகிறார்கள். பதம் தணித்த இரும்பில் கூர்முனை உளியை வைத்து சுத்தியலால் ஒரு அடி. ஒரு பல் எழும். ஒரு அரத்துக்கு ஆயிரம் அடிக்கு மேல். இடைவெளியைக் கண்ணால் அளப்பதால் பற்கள் கொஞ்சம் முன்னே பின்னே விழும். அதுதான் அதன் பலம்: ஒரு பல் விட்ட மேட்டை அடுத்த பல் சீவும்.

ஒரு பக்கம் முடித்துத் திருப்பினால் எழுப்பிய பல் நசுங்கும். அதனால் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் மெத்தென்ற ஈயப் படுகையில் வைத்து வெட்டினார்கள். அந்தத் தொழிலாளிகள் ஈய நஞ்சால் மணிக்கட்டு தொங்கிப்போய்க் கிடந்ததும் அதனால்தான். கடைசியில் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்க்க வேண்டும். பல் நுனியில் கார்பன் எரிந்துபோனால் அரம் மொக்கை. இதற்காக 12ஆம் நூற்றாண்டிலேயே தியோஃபிலஸ் என்ற துறவி, சுட்ட மாட்டுக்கொம்புத் தூளும் உப்பும் கலந்து தூவச் சொல்லியிருக்கிறார்.

இரும்பு ராவ எந்திர அரமே போதும். அமெரிக்காவின் வில்லியம் நிக்கல்சன் 1864இல் அரம் வெட்டும் எந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கிய பிறகு அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மரத்துக்கு நடுவழியும் உண்டு: நிக்கல்சன் கம்பெனியின் 49, 50 என்ற மாதிரி எண் கொண்ட அரங்கள் எந்திரத்தில் செய்தாலும் பல் இடைவெளி மாறி மாறி வரும்.

கைவேலை அரம் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், பல் அளவைச் சொல்லும் 1 முதல் 15 வரையுள்ள எண்களில் 9 எடுங்கள். எண் ஏற ஏறப் பல் பொடி. முரட்டு வேலைக்கு எந்திர அரமே இருக்கட்டும். தள்ளும்போது மட்டும் அழுத்துங்கள், திரும்பும்போது தூக்கிவிடுங்கள். பழைய மரத்தில் ஆணி இருக்கிறதா என்று முதலில் தடவிப் பாருங்கள். ஒரு ஆணித்தலை போதும், பல் உடைய. பிசின் அடைத்தால் வெந்நீரில் நனைத்து நார் பிரஷ்ஷால் தேய்த்து உடனே வெயிலில் காயவையுங்கள். கம்பி பிரஷ் நுனியை மழுக்கும்.