டேட்டா லேபிளிங் தளங்கள்: சில வருட உபயோகத்துக்குப் பிறகு

வீட்டிலிருந்தே டேட்டா லேபிளிங், அதாவது செயற்கை நுண்ணறிவுக்குக் கற்றுத்தரப் படம், ஒலி, எழுத்து எல்லாவற்றுக்கும் குறிப்புப் போடும் வேலை, செய்யத் தொடங்கிச் சில வருடங்கள் ஆகின்றன. சாலைப் படங்களில் வண்டி, ஆள், சிக்னல் என்று ஒவ்வொன்றையும் சுற்றிக் கட்டம் போடுவது, ஒலிப்பதிவைக் கேட்டு எழுதுவது, சாட்பாட் தரும் இரண்டு பதில்களில் எது மேல் என்று சொல்வது எல்லாம் செய்திருக்கிறேன். இப்போது இருப்பது இரண்டாவது தளம். ஒரு டாஸ்க்குக்கு இரண்டு தளங்களும் ஏறக்குறைய ஒரே கூலிதான் தருகின்றன. ஆனால் எந்த நேரத்தை வேலை நேரமாகக் கணக்கில் எடுக்கிறார்கள் என்பதில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

முதல் தளத்தில் முடித்த டாஸ்க்குக்கு மட்டும்தான் பணம். புது ப்ராஜெக்ட் என்றால் நீளமான கைட்லைனைப் படித்து, தகுதித் தேர்வு எழுத வேண்டும். தேறாவிட்டால் அந்த உழைப்பு வீண். அப்புறம் காத்திருப்பு. டாஸ்க் எப்போது விழும் என்று தெரியாது, விழுந்தால் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். அதனால் சமைக்கும்போதும் பிள்ளைக்குப் பாடம் சொல்லித் தரும்போதும் திரையில் ஒரு கண் இருந்துகொண்டே இருக்கும். ‘உங்களுக்கு வசதியான நேரத்தில் வேலை’ என்று சொல்லித்தான் பெண்களை அழைக்கிறார்கள். பிள்ளை தூங்கின பிறகு உட்காருகிறவளுக்கு டாஸ்க் பகலிலேயே தீர்ந்துபோனால் அது யாருடைய வசதி?

இது என் ஒருத்தியின் குறை இல்லை. சின்னச் சின்ன இணைய வேலைகளைத் தரும் அமேசான் மெக்கானிக்கல் டர்க் என்ற தளத்தில் வேலை செய்தவர்களின் வருமானத்தைப் பற்றி 2018-இல் ஓர் ஆய்வு வந்தது. டாஸ்க் தேடிய நேரத்தையும் நிராகரிக்கப்பட்ட வேலைக்குச் செலவான நேரத்தையும் சேர்த்துப் பார்த்தபோது, பாதிப் பேருக்கு மணிக்குச் சுமார் 2 டாலர்கூடத் தேறவில்லை. அமெரிக்காவின் தேசியக் குறைந்தபட்ச மணிக்கூலியான 7.25 டாலருக்கு மேல் சம்பாதித்தவர்கள் 4 சதவீதம் பேர்தான். இப்போதைய தளம் கைட்லைன் படிப்பதற்கும் தேர்வுக்கும் தனியாகப் பணம் தருகிறது. என் மாத வருமானம் கூடியதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

டைமரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நெரிசலான தெருப் படத்தில் சைக்கிள் ஓட்டுகிறவரை பாலிகன் போட்டு, அதாவது உருவத்தின் ஓரமெல்லாம் புள்ளி வைத்துக் கோடு இழுத்து, பிரிக்க வேண்டும் என்று வையுங்கள். ஹேண்டிலை மறைக்கும் கை, பாதி மட்டும் தெரியும் பின்சக்கரம், தோளில் தொங்கும் பை என்று புள்ளி புள்ளியாக வைத்துக்கொண்டு போகிறபோது பிள்ளை அழுதால் எழுந்துதானே ஆக வேண்டும்? முதல் தளத்தில் என்றால், திரும்பி வருவதற்குள் நேரம் முடிந்து டாஸ்க் வேறொருவருக்குப் போயிருக்கும். வைத்த புள்ளிகள் எல்லாம் போச்சு. இப்போதைய தளத்தில் ‘நிறுத்தி வை’ என்று ஒரு பொத்தான் இருக்கிறது, பாதி வேலை அப்படியே சேமிப்பில் நிற்கும். வீட்டில் பிள்ளைகளையோ வயதானவர்களையோ வைத்துக்கொண்டு வேலை செய்கிற எவரும் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

வன்முறைப் படங்கள் முன்பு எந்த எச்சரிக்கையும் இல்லாமல் வந்து விழும். வேலைக்கென்று தனி அறை இல்லாத வீட்டில் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பதறிப்போவேன். இப்போது முன்னறிவிப்பு வருகிறது, படம் மங்கலாகத் திறக்கிறது, வேண்டாம் என்று ஒதுக்கினாலும் ரேட்டிங் குறைவதில்லை. ஆனால் மனசு கலங்கினால் பேச ஆலோசகர் கிடையாது. அது பெரிய குறை.

இப்போதைய தளத்தில் வேலையை ரிஜெக்ட் செய்தால் காரணம் சொல்கிறார்கள், மறுபரிசீலனையும் கேட்கலாம். மெக்கானிக்கல் டர்க் தொழிலாளர்கள் வேலை கொடுப்பவர்களை மதிப்பிடுவதற்காக 2008-லேயே டர்காப்டிகான் என்ற கருவி உருவானது. நாங்கள் சில பெண்கள் வாட்ஸ்அப் குழுவில் அதே வேலையைத்தான் செய்கிறோம்: யார் ஒழுங்காகப் பணம் தருகிறார்கள், யார் காரணமில்லாமல் வேலையை ரிஜெக்ட் செய்கிறார்கள் என்று பகிர்ந்துகொள்கிறோம். புதிதாகச் சேர்கிறவர்களிடம் நாங்கள் வற்புறுத்துவது ஒன்று: பணம் உங்கள் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கே வரட்டும்.

தளத்தில் நமக்கு இருக்கும் கணக்கை முடக்குவது மட்டும் இங்கேயும் மென்பொருளின் கையில்தான். ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் கொண்டுவந்த தளப் பணிச் சட்ட நெறிமுறைப்படி (இணையத் தளங்கள் வழியாக வேலை செய்கிறவர்களுக்கானது), அப்படிப்பட்ட முடிவை மனிதர்தான் எடுக்க வேண்டும், காரணத்தை எழுத்தில் தர வேண்டும். எந்த நாட்டிலிருந்து வேலை செய்தாலும் இது எங்களுக்கு வேண்டும்.

காத்திருக்கும் நேரத்துக்கு இந்தத் தளமும் பணம் தருவதில்லை. குறைந்தபட்சம் நாளைக்கு எந்த நேரத்தில் டாஸ்க் வரும் என்று முந்தின நாளே சொல்லலாமே. அதைக் கேட்டுக் குழுவில் எல்லோரும் சேர்ந்து எழுதியிருக்கிறோம். பதில் வந்ததும் இங்கே சேர்க்கிறேன்.