33 அங்குல டயரும் எக்ஸ்ப்ளோரர் ஆக்சிலும்: ஆறு ஆண்டு அனுபவம்

என் வண்டி 2001 மாடல் ஜீப் ராங்ளர் டிஜே. நான்கு லிட்டர், ஆறு சிலிண்டர் எஞ்சின், ஐந்து கியர். வாங்கியபோது முன்னால் டானா 30, பின்னால் டானா 35 ஆக்சில் (இரு சக்கரங்களையும் சுழற்றும் அச்சுத் தொகுதி; டானா என்பது தயாரிப்பாளர் பெயர், பின்வருவது மாடல் எண்). ஆக்சிலின் கியர் விகிதம் 3.07, அதாவது சக்கரம் ஒரு முறை சுற்ற ஆக்சிலுக்குள் வரும் தண்டு 3.07 முறை சுற்ற வேண்டும். நான் கலிஃபோர்னியாவின் சாக்ரமென்டோவில் இருக்கிறேன். கோடை வந்துவிட்டால் லூன் ஏரியிலிருந்து தாஹோ ஏரிப் பக்கம் போகும் ருபிகான் பாறைப் பாதையில் ஒரு முறையாவது போய்வராமல் எனக்கு மனம் ஆறாது.

அந்தப் பாதைக்காகத்தான் 28 அங்குல டயரைக் கழற்றிவிட்டு 33 அங்குல டயர் போட்டேன். வித்தியாசம் முதலில் தெரிந்தது நெடுஞ்சாலையில். 65 மைல் வேகத்தில், ஐந்தாம் கியரில், எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 1,600 சுற்றுகள்தான் சுற்றியது, இழுக்கத் திராணி இல்லை. ஐந்தாம் கியர் இருந்தும் இல்லாததுபோல்தான். டானர் கணவாய் ஏற்றத்தில் மூன்றாம் கியருக்கு இறங்கி, லாரிகளோடு வரிசையில் ஊர்ந்தேன். இது சலிப்பு, அவ்வளவுதான். ஆபத்து வேறிடத்தில் இருந்தது. டயரின் ஆரம் 18 சதவீதம் கூடினால், சக்கரம் பாறையைப் பிடித்து நிற்கும் நேரத்தில் ஆக்சில் ஷாஃப்ட் (சக்கரத்தைச் சுழற்றும் எஃகுத் தண்டு) தாங்க வேண்டிய முறுக்குவிசையும் அதே அளவு கூடுகிறது. டயரின் எடை அதற்கு மேல்.

இரண்டாம் கோடையில் பின் வலது சக்கரம் இரண்டு பாறைகளுக்கு நடுவே இறுகிக்கொண்டது. வேகத்தைக் குறைத்து இழுவிசையைக் கூட்டும் லோ ரேஞ்சில் ஆக்சிலரேட்டரை அழுத்தினேன். டங்கென்று ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தால் சக்கரம் நான்கு விரற்கடை வெளியே நகர்ந்து நின்றது. டிஜேயில் வரும் டானா 35 ஆக்சிலில் ஷாஃப்டை உள்ளே பிடித்து வைத்திருப்பது அதன் முனையில் மாட்டிய சி வடிவக் கிளிப் ஒன்றுதான். ஷாஃப்ட் முறிந்தால் சக்கரத்தைத் தடுத்து நிறுத்த எதுவும் இல்லை. நெடுஞ்சாலையில் முறிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன்.

உள்ளே தங்கிவிட்ட முனைத் துண்டை மறுநாள் வெளியே எடுத்தோம். ஸ்பிளைன்கள், அதாவது ஷாஃப்டின் முனையில் நீளவாக்கில் வெட்டிய பற்கள், நேராக இல்லை. முறுக்கு பிழிந்ததுபோல் ஒரே பக்கமாகச் சுற்றியிருந்தன. பல பயணங்களாகச் சிறுகச் சிறுக முறுகி, அன்று அறுந்திருக்கிறது. அந்த ஆக்சிலை நான் குறை சொல்ல மாட்டேன். 28 அங்குல டயருக்காகச் செய்த பொருளின் மேல் 33 அங்குல டயரை ஏற்றியவன் நான்.

மாற்று தேடும்போது நான் விடாமல் பிடித்துக்கொண்டது ஒன்றுதான்: டயர் 33 அங்குலம், அதற்கு மேல் போவதில்லை. இந்த முடிவை முதலில் எடுக்காதவர்கள் இரண்டு முறை செலவு செய்வதைப் பார்த்திருக்கிறேன். டிஜேக்கே வந்த டானா 44 பின் ஆக்சில் நல்ல பொருள். 8.5 அங்குல கிரவுன் (ஆக்சிலுக்குள் இருக்கும் பெரிய வட்டப் பல்சக்கரம்), 30 ஸ்பிளைன், சி கிளிப் கிடையாது, வெட்டி ஒட்டாமல் நேராகப் பொருந்தும். ஆனால் அதைத் தேடுபவர்கள் அதிகம் என்பதால் பழையதற்கும் விலை ஏறிக் கிடந்தது. அதைவிடப் பெரிய டானா 60 இந்த டயருக்குத் தேவையற்ற சுமை. அதன் நடுவில் தொங்கும் பெரிய வயிறு பாறையில் தட்டும்.

கடைசியில் ஒரு காயலான் கடையில் 1995 முதல் 2001 வரை வந்த ஃபோர்டு எக்ஸ்ப்ளோரரின் 8.8 அங்குல (கிரவுன் அளவு) பின் ஆக்சில் கிடைத்தது. 31 ஸ்பிளைன் ஷாஃப்ட். பழைய ஷாஃப்டைவிடக் கையளவில் பெரிய வேறுபாடு தெரியாது. ஆனால் முறுக்கைத் தாங்கும் வலிமை விட்டத்தின் முப்படிக்கு ஏற்பக் கூடும் என்பதால் அந்தச் சிறு தடிப்பே பெரிய பலம். அகலம் ஏறக்குறைய ராங்ளர் அளவே, சக்கர போல்ட் அமைப்பும் அதேதான்: நாலரை அங்குல வட்டத்தில் ஐந்து போல்ட். டிஸ்க் பிரேக்கும் கூடவே வந்தது. இதிலும் சி கிளிப்தான். ஆனால் ஷாஃப்ட் முறிந்தாலும் பிரேக் காலிப்பர் டிஸ்க்கை ஓரளவு பிடித்துக்கொள்ளும்.

இதை ராங்ளரில் பொருத்தும் வெல்டிங்கில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். இந்த ஆக்சிலின் குழாய்கள் நடு வார்ப்பு ஹவுசிங்கில் அழுத்திச் செருகப்பட்டவை. குழாயையும் ஹவுசிங்கையும் சுற்றிலும் சேர்த்து வெல்டு செய்யாவிட்டால், பாறை ஏறும்போது குழாயே சுழன்றுவிடக்கூடும். வார்ப்பை முன்கூட்டியே சூடேற்றி, வெல்டு செய்தபின் மெதுவாக ஆற விட வேண்டும். அவசரப்படுபவரிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

முன்பக்கம் டானா 30-ஐ வைத்துக்கொண்டேன். 2003இல் வந்த ருபிகான் மாடலின் முன் ஆக்சில் டானா 44 என்றாலும், சக்கரத்தைத் தாங்கித் திருப்பும் முனை பாகங்களான அதன் நக்கிள், பால் ஜாயின்ட், ஹப் எல்லாம் டானா 30 வகையே. அந்த விலைக்கு என் டயர் அளவில் எனக்குக் கிடைக்கும் நன்மை போதாது. ஷாஃப்டை மட்டும் 4340 குரோமோலி என்ற வலிமை கூடிய எஃகுக்கு மாற்றினேன்.

கியர் விகிதத்தில்தான் சறுக்கினேன். காயலான் கடை ஆக்சிலில் 4.10 இருந்ததால், முன்பக்கத்தையும் 4.10 ஆக்கினால் போதும் என்று கணக்குப் போட்டேன். முன்னும் பின்னும் ஒரே விகிதம் இருந்தே ஆக வேண்டும், 3.07க்கான கேரியரில் (கிரவுனைத் தாங்கும் கூடு) 4.10 கியர் உட்காராது என்பதால் முன்பக்கம் புதுக் கேரியரும் வாங்கினேன். அதைப் பொருத்திய பட்டறை வேலையைச் சரியாகச் செய்யவில்லை. 45 மைல் வேகத்தில் கால் எடுத்தால் ஊளையிடும் சத்தம். ஒரு வருடம் பொறுத்தேன், பொறுத்திருக்கக் கூடாது. வேறொருவர் கவரைத் திறந்து, பற்களில் மஞ்சள் பூச்சைத் தடவிச் சுற்றிக் காட்டினார். நடுவில் பதிய வேண்டிய தடம் பல்லின் ஓரத்தில், அடியோடு ஒட்டிப் பதிந்திருந்தது. கிரவுனைச் சுழற்றும் சிறு பல்சக்கரமான பினியன் உட்காரும் ஆழம் தவறு. பற்கள் தேய்ந்துபோயின.

மறுபடி வாங்கித்தான் ஆக வேண்டும் என்றானதும் இரு பக்கமும் 4.56க்கு மாறினேன். 65 மைலில் இப்போது சுமார் 2,400 சுற்றுகள். டானர் ஏற்றத்தில் நான்காம் கியரே போதுமானதாக இருக்கிறது. முதல் கியர் லோ ரேஞ்சில் முன்பு எஞ்சின் 33 முறை சுற்றினால் சக்கரம் ஒரு முறை சுற்றும். இப்போது ஏறக்குறைய 50. பாறைமேல் கிளட்சை மிதிக்காமலே வண்டி தானாக ஏறுகிறது. ஆக்சிலரேட்டரை ஓங்கி மிதிக்கும் தேவையே குறைந்துவிட்டதால் ஷாஃப்டுகள் மேலான அதிர்ச்சியும் குறைந்தது. தடித்த ஷாஃப்டுக்குச் சமமான பாதுகாப்பு இந்த விகிதத்தில் இருக்கிறது என்று நம்புகிறேன்.

எக்ஸ்ப்ளோரர் ஆக்சில் போட்டபின் ஆறு ஆண்டுகளில் ஷாஃப்ட் ஒன்றும் முறியவில்லை. தேய்ந்ததெல்லாம் முன்பக்க முனைகள்தான்: ஹப் பேரிங் இரு பக்கமும் ஒரு முறை, பால் ஜாயின்ட் இரண்டு முறை. பெரிய டயரின் எடை இறங்குவது அங்கேதான். எண்ணெய் மாற்றும்போதெல்லாம் டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்க்கிறேன்.

சென்ற மாதம் பின் ஆக்சிலின் கவரைத் திறந்தேன். அடியில் இருக்கும் காந்தத்தில் விரலால் தேய்த்தால் போகும் சாம்பல் நிறப் பூச்சு மட்டும் இருந்தது. துகள் ஒன்றும் இல்லை. துடைத்துவிட்டுப் புது எண்ணெய் ஊற்றி மூடினேன்.