டெஸ்ட் லேம்ப்: இரண்டு வருடம் கையில் வைத்திருந்த பிறகு

கைப்பிடிக்குள் ஒரு 5 வாட் பல்பு, முன்னால் கூரான ஊசி, பின்னால் ஒயரில் தொங்கும் குரோக்கடைல் கிளிப். கிளிப்பை ஓரிடத்திலும் ஊசியை இன்னோரிடத்திலும் வைத்தால், கரண்ட் வந்தால் பல்பு எரியும். சாமான் இவ்வளவுதான். 1960களில் வந்த என் பிரிட்டிஷ் காருக்காக வாங்கினேன். வோல்ட் அளக்கும் நல்ல டிஜிட்டல் மீட்டர் ஏற்கெனவே இருந்ததால், வாங்கிய புதிதில் இதைக் கொஞ்சம் ஏளனமாகத்தான் பார்த்தேன்.

அப்புறம் ஒருநாள் இடது ஹெட்லைட் அணையப்போகும் கங்கு மாதிரி சிவந்து நின்றது. பல்பை மாற்றினேன், அதே கதை. கனெக்டரைக் கழற்றி, லைட் ஒயருக்கும் எர்த் ஒயருக்கும் (கரண்ட் வண்டியின் பாடி வழியே பேட்டரிக்குத் திரும்பும் ஒயர்) நடுவே மீட்டரை வைத்தால் 12.4 வோல்ட். பேட்டரியிலும் 12.4. எல்லாம் சரியாக இருக்கிறதாம்! ஸ்விட்சைப் பிரித்தேன், ஹை பீம், லோ பீம் மாற்றும் டிப்பரைப் பிரித்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் போயிற்று.

மறுநாள் டெஸ்ட் லேம்பை எடுத்தேன். கிளிப் பேட்டரியின் எர்த் முனையில், ஊசி கனெக்டரின் லைட் ஒயரில். பளிச்சென்று எரிந்தது. சரி, கரண்ட் வருவதில் குறையில்லை. ஊசியை எடுக்காமல் கிளிப்பை மட்டும் அதே கனெக்டரின் எர்த் ஒயருக்கு மாற்றினேன். வெளிச்சம் பாதிக்கும் கீழே இறங்கியது. குற்றவாளி எர்த். இடது இண்டிகேட்டர் போட்டால் பார்க்கிங் லைட்டும் கூடவே சிமிட்டுவதை நான் பல வாரமாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்; அது எர்த் கெட்டதற்கான பழைய அடையாளம் என்பது அப்போதுதான் உறைத்தது.

மீட்டர் பொய் சொல்லவில்லை. அதன் உள்தடை சுமார் 10 மெகா ஓம். அது இழுக்கும் கரண்ட் மைக்ரோ ஆம்பியர் கணக்கில்தான். அவ்வளவு சின்ன கரண்ட் துருப்பிடித்த இடத்தையும் சிரமமில்லாமல் தாண்டிவிடும், வோல்ட் குறையாது. 5 வாட் பல்போ 0.4 ஆம்பியர் கேட்கிறது. கேட்டால்தான் வண்டவாளம் வெளியே வருகிறது.

எர்த் ஒயரின் வளையம் மட்கார்டு உள்பக்கத்தில் ஸ்க்ரூவால் பிடித்திருந்தது. எப்போதோ யாரோ அதன்மேலேயே பெயின்ட் அடித்திருக்கிறார்கள். வளையத்துக்கும் தகட்டுக்கும் நடுவே செங்கல்பொடி மாதிரி துரு. கழற்றுவதற்கு முன் ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு, அந்த ஒயருக்கும் பேட்டரியின் எர்த் முனைக்கும் நடுவே மீட்டரில் பார்த்தேன்: 9 வோல்ட் அங்கேயே காணாமல் போய்க்கொண்டிருந்தது. 0.2-க்கு மேல் இருக்கக்கூடாது. தகடு பளபளக்கும்வரை உப்புத்தாளால் தேய்த்து, வாசலின் தடவி முடுக்கியபின் 0.06. இப்படி விளக்கு எரிந்து கரண்ட் ஓடும்போது வைத்தால் மீட்டரைப் போல நல்ல சாமான் இல்லை. 11 வோல்ட்டுக்கும் 12-க்கும் உள்ள வித்தியாசத்தைப் பல்பின் வெளிச்சத்தில் கண்டுபிடிக்க என் கண்ணால் முடியாது. அங்கே மீட்டர்தான் வேண்டும்.

என் வண்டி பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு சேர்ந்திருக்கிறது. பல்புக்கு எந்தப் பக்கம் பாசிட்டிவ் என்ற கவலையே இல்லை. எல்இடி வைத்த டெஸ்டரும் கிடைக்கிறது. பழைய வண்டிக்கு அதை வாங்காதீர்கள். அது இழுக்கும் கரண்டும் சொற்பம்தான், மீட்டர் ஏமாந்த இடத்தில் அதுவும் ஏமாறும். கம்ப்யூட்டரும் ஏர்பேகும் உள்ள புது வண்டிக்கு நேர்மாறு: அந்த ஒயர்களில் பல்பு வைத்த லேம்பைக் கொண்டுபோகவே கூடாது.

குறைகளும் உண்டு. ஒயர் ஒரு மீட்டர்கூட இல்லை. கிளிப்பை பேட்டரியில் மாட்டினால் பின் விளக்குவரை எட்டாது. நான் வெட்டிவிட்டு நான்கு மீட்டர் ஒயர் சேர்த்தேன். கிளிப்பின் ஸ்பிரிங் சோனி, பெயின்ட் அடித்த இடத்தைக் கடிக்காது. ஊசியால் ஒயரின் ரப்பரைக் குத்திப் பார்க்கலாம் என்று அட்டையில் போட்டிருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். அறுபது வருட ரப்பரில் ஓட்டை போட்டால் ஈரம் இறங்கி உள்ளே செம்பு பச்சை பூத்துவிடும். கனெக்டரின் பின்புறமாக ஊசியை விட்டாலே போதும்.

ஷார்ட் (கரண்ட் ஒயர் எங்கோ பாடியைத் தொட்டுவிடுவது) தேட மட்டும் இது போதவில்லை. அதற்கு 21 வாட் பல்பு ஒன்றை ஹோல்டரோடு ஒயரில் கோத்து, எரிந்துபோன பியூஸ் இருந்த இடத்தில் மாட்டுகிறேன். ஷார்ட் இருக்கும்வரை பல்பு பளிச்சென்று எரியும். ஒயர்க் கொத்தை அங்கங்கே அசைத்துக்கொண்டே போனால், பல்பு கண்ணை மூடும் இடத்தில் நம் ஆள் இருக்கிறார். ஹெட்லைட் பக்கம் இந்த வித்தை செல்லாது, பல பழைய பிரிட்டிஷ் கார்களில் அந்த வழிக்கு பியூஸே கிடையாது. அங்கே கை வைக்கும் முன் பேட்டரி முனையைக் கழற்றிவிடுங்கள்.

ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். அந்த ஒரு மதிப்பெண் ஒயர் நீளத்துக்காகப் போனது. வாங்கினால் உதிரி பல்பு இரண்டு சேர்த்து வாங்குங்கள். என்னுடையது முதல் முறை கீழே விழுந்ததிலேயே இழை அறுந்துவிட்டது, அது தெரியாமல் அரைமணி நேரம் நல்ல பியூஸை முறைத்துக்கொண்டிருந்தேன். இப்போது வேலை தொடங்கும் முன் லேம்பை பேட்டரியின் இரண்டு முனையிலும் ஒருமுறை வைத்துப் பார்த்துவிடுகிறேன்.