கவுண்டி எல்லையா, ஆற்றுப் படுகையா?

அமெரிக்காவில் மண்ணையும் நீரையும் காக்கும் உள்ளூர் வாரியங்கள் ஏறக்குறைய 3,000 உண்டு. 1930களின் புழுதிப் புயல்களைப் பார்த்த பிறகு, 1937-இல் வட கரோலினாவில் முதல் வாரியம் அமைந்தது. பெரும்பாலும் இவை கவுண்டி (மாநிலத்துக்குள் உள்ள நிர்வாகப் பகுதி) எல்லைக்குள் இயங்குபவை. சரிவுக்குக் குறுக்கே உழவு, மூடுபயிர் (மண்ணைப் போர்த்தி வைக்கும் பயிர்) என ஆலோசனை தருவார்கள். கட்டாயம் அனேகமாகக் கிடையாது. மண் அரிப்புக்கு இது நல்ல வழி.

நிலத்தடி நீர் என்று வந்தால் கதை வேறு. பல மாநிலங்களுக்கு அடியில் பரவிய ஒகல்லாலா நிலத்தடி நீர்ப்படுகை கவுண்டிக் கோட்டைப் பார்த்தா நிற்கிறது? நெப்ராஸ்கா மாநிலம் 1972-இல் 154 சிறு அமைப்புகளை இணைத்து, ஆற்றுப் படுகை வாரியாக 24 இயற்கை வள மாவட்டங்கள் அமைத்தது (இப்போது 23). இவை சொத்து வரி விதிக்கலாம். கிணற்றுக்கு மீட்டர் கேட்கலாம். இறைக்கும் அளவையும் கட்டுப்படுத்தலாம். தண்ணீருக்கு என் ஓட்டு இதற்குத்தான். விவசாயிகளுக்கு மனக்கசப்பு வரும், சரி. ஆனால் மாவட்டத்தை நடத்தும் குழுவைத் தேர்தலில் மாற்றும் உரிமையும் உள்ளூர் மக்களிடமே இருக்கிறது.