முகாமில் மனநல ஆதரவு: ஒருவருக்கா, முப்பது பேருக்கா?

மன உளைச்சலைச் சமாளிக்கக் கற்றுத்தரும் பயிற்சிகள் இரண்டு: ப்ராப்ளம் மேனேஜ்மென்ட் பிளஸ், செல்ஃப் ஹெல்ப் பிளஸ். அகதி முகாமில் வேலை செய்யப் போகும் தன்னார்வலர்கள் பலர் இந்த இரண்டில் எதை நடத்தக் கற்பது என்று தடுமாறுகிறார்கள். இரண்டும் உலக சுகாதார நிறுவனம் உருவாக்கியவை. இரண்டையும் நடத்த மனநல மருத்துவர் தேவையில்லை.

ஆள் கணக்கு
ப்ராப்ளம் மேனேஜ்மென்ட் பிளஸ் (தனிநபர் வடிவம்): ஒரு சமயத்தில் ஒருவர். வாரம் ஒரு முறை 90 நிமிடம், ஐந்து வாரம்.
செல்ஃப் ஹெல்ப் பிளஸ்: ஒரே அமர்வில் 30 பேர் வரை. இதுவும் ஐந்து அமர்வுதான்.

நடத்துபவர்
முன்னதற்குக் கூடுதல் பயிற்சியும் தொடர் மேற்பார்வையும் வேண்டும். பின்னதில் ஒலிப்பதிவே பாடம் நடத்துகிறது. கையில் படப் புத்தகம். கால்களைத் தரையில் அழுத்தி, மெல்ல மூச்சுவிட்டு, காதில் விழும் சத்தங்களைக் கவனிக்கச் சொல்கிறது அந்தக் குரல்.

பேச்சு
எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். செல்ஃப் ஹெல்ப் பிளஸில் யாரும் தன் கதையைச் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்துக் கூடாரத்துக்காரி எதிரே இருக்கையில் தனக்கு நடந்த வன்முறையை எந்தப் பெண் சொல்வாள்? உகாண்டாவில் தென் சூடான் அகதிப் பெண்கள் 694 பேரிடம் நடந்த ஆய்வில், மூன்று மாதம் கழித்தும் பலன் தெரிந்தது. ஆனால் கடன், வீட்டுச் சண்டை என்று அவரவர் பிரச்சினையை உட்கார்ந்து அலச செல்ஃப் ஹெல்ப் பிளஸில் இடம் குறைவு.

கூட்டம் பெரிது, ஆள் குறைவு என்றால் செல்ஃப் ஹெல்ப் பிளஸ். அன்றாட வேலையே ஓடாமல் முடங்கியவருக்கு ப்ராப்ளம் மேனேஜ்மென்ட் பிளஸ். தற்கொலை எண்ணம் இருப்பவரை இரண்டில் ஏதாவது ஒன்றில் சேர்த்துவிட்டுக் காத்திருக்காதீர்கள். அன்றே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.