புழல் பெண்கள் பெட்ரோல் பங்க்: அளவும் சரி, ஆளும் சரி. பயிற்சிக்குப் பணம்?

அம்பத்தூர் – புழல் சாலையில் பெண் கைதிகள் வேலை பார்க்கிற பங்கில் பெட்ரோல் போடலாமா என்று எங்கள் தெருவில் பலர் என்னைக் கேட்டிருக்கிறார்கள். தாராளமாகப் போடலாம். அளவில் குறை கிடையாது, பேச்சில் மரியாதை உண்டு, சில்லறை சரியாகத் திரும்பி வரும். இவ்வளவு தெரிந்தால் போதும் என்பவர்கள் இதோடு கிளம்பலாம். அந்த இடம் ஏன் நன்றாக நடக்கிறது, இனியும் அப்படியே நடக்கச் சிறைக் காவலர்களின் பயிற்சிக்கு ஏன் காசு வேண்டும் என்பதைத்தான் நான் கொஞ்சம் விரிவாக எழுத நினைக்கிறேன்.

சிறைத்துறையும் இந்தியன் ஆயிலும் சேர்ந்து நடத்தும் ‘ஃப்ரீடம்’ பங்குகள் தமிழ்நாட்டில் சில ஊர்களில் இருக்கின்றன. அவற்றில் பெண் கைதிகளுக்கென்றே 2023 ஆகஸ்டில் திறந்தது இது. அன்றைய சட்ட அமைச்சர் ரகுபதி திறந்து வைத்தார். புழல் பெண்கள் தனிச்சிறையில் தண்டனை அனுபவிக்கிறவர்களில் 30 பேருக்கு இங்கே வேலை என்று அப்போது சொன்னார்கள்.

எனக்கு வீடு கள்ளிக்குப்பம். சூரப்பட்டு வழியாகப் போகும்போதெல்லாம் இங்கேதான் போடுகிறேன். வண்டியை நிறுத்தியதும், “ஜீரோ பாத்துக்கோங்கம்மா” என்று மீட்டரைக் காட்டுவார்கள். நான் தலையாட்டும்வரை நாசிலை அழுத்துவதில்லை. எல்லாப் பங்கிலும் இப்படிச் சொல்லத்தான் வேண்டும். எத்தனை இடத்தில் நம் முகத்தைப் பார்த்துச் சொல்கிறார்கள் என்பது வண்டி ஓட்டும் எல்லோருக்கும் தெரியும். ஒரு தடவை டேங்க் மூடியைக் கையில் வாங்கிய பெண், “ரப்பர் தேஞ்சு போச்சும்மா, மழைத் தண்ணி உள்ள எறங்கும், மாத்திருங்க” என்றார். கள்ளிக்குப்பம் மெக்கானிக்கிடம் காட்டினேன், அவர் சொன்னது சரிதான். இன்னொரு நாள் ஒரு பெரியவர் சட்டைப் பையிலிருந்து பத்து ரூபாய்த் தாள்களாக எடுத்து எண்ணிக்கொண்டே இருந்தார். பின்னால் ஆட்டோக்காரர் ஹாரன் அடிக்கிறார். பம்பில் நின்ற அம்மா, “மெதுவா எண்ணுங்கப்பா, ஒண்ணும் அவசரமில்ல” என்று சொல்லிவிட்டு ஆட்டோவைப் பக்கத்துப் பம்புக்குக் கை காட்டினார். புதிதாக வந்த ஒருவருக்கு வயதில் மூத்தவர் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுப்பதையும் பார்த்திருக்கிறேன். அதட்டல் கிடையாது.

இந்த மாதிரி ஒரு நிதானம் தானாக வந்துவிடாது. சமூகப்பணி படித்துவிட்டுக் கைதிகளின் குடும்பங்களோடு பல வருஷம் வேலை பார்த்தவள் நான். மனு பார்க்க, அதாவது உள்ளே இருப்பவரைச் சந்திக்க, வந்து வரிசையில் நிற்கிற அம்மாக்களோடு, வெளியே வந்தபின் எங்கே போவது என்று தெரியாமல் நின்றவர்களோடு இருந்திருக்கிறேன். பங்கில் ஒரு பெண் நம் வண்டிக்குப் பெட்ரோல் போடுகிறார் என்றால் அவரை அங்கே கொண்டுவந்து நிறுத்தியதற்குப் பின்னால் எவ்வளவு வேலை இருக்கிறது என்பது எனக்குத் தெரியும்.

மதிலுக்கு வெளியே, பஸ்ஸும் லாரியும் போகிற ரோட்டில் ஒரு தண்டனைக் கைதியை நிறுத்த வேண்டும். அவர் மேல் என்ன வழக்கு, இன்னும் எத்தனை வருஷம் பாக்கி, உள்ளே நடத்தை எப்படி என்பது ஃபைலில் இருக்கும். ஃபைலில் இல்லாதவைதான் அதிகம். புருஷன் வீட்டு ஆட்கள் இந்த ரோட்டில் வந்து வம்பு செய்வார்களா? பிள்ளை யாரிடம் வளர்கிறது, பள்ளிக்கூடம் போகிறதா? ராத்திரி தூங்குகிறாரா, மாத்திரை எடுக்கிறாரா? பணம் எண்ணத் தெரியுமா, தெரியாதென்றால் சொல்லிக் கொடுக்க ஆள் உண்டா? வெயிலில் மணிக்கணக்கில் நிற்க உடம்பு தாங்குமா? தண்டனை முடிந்து வெளியே போனால் இந்த வேலையை வைத்து என்ன செய்யலாம்? இதையெல்லாம் ஒருவர் உட்கார்ந்து கேட்டு, எழுதி, ஒரு திட்டம் போட்டு, சில மாதம் கழித்துத் திரும்ப எடுத்துப் பார்க்க வேண்டும். சிறை நிர்வாகத்தில் இதற்குக் கேஸ் மேனேஜ்மென்ட் என்று பெயர். ஒரு கைதி உள்ளே வந்த நாளிலிருந்து வெளியே போய்க் கால் ஊன்றும்வரை அவருடைய தேவையை ஒரே நூலாகப் பிடித்துக்கொண்டு போகிற வேலை.

யார் செய்வது? மத்திய அரசின் 2016 மாதிரிச் சிறைக் கையேடு 200 கைதிகளுக்கு ஒரு சீர்திருத்த அலுவலர், 500 கைதிகளுக்கு ஒரு உளவியலாளர் என்று கணக்குச் சொல்கிறது. அந்த எண்ணிக்கை முழுசாக இருந்தாலும்கூட 200 பேரை ஒருவர் மாதம் ஒரு தடவை பார்ப்பதே பெரிது. தினமும் பார்க்கிறவர் பிளாக்கில் டூட்டி இருக்கிற காவலர். யார் சாப்பாட்டைத் தள்ளி வைக்கிறார், யாருக்குக் கடிதம் வருவது நின்றது, மனு பார்த்துவிட்டு வந்து யார் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறார் என்று முதலில் தெரிவது அவருக்குத்தான். அந்தக் காவலருக்குத் தன் கண்ணில் பட்டது ஒரு தகவல், அதை எழுதி நல அலுவலரிடம் கொடுக்க வேண்டும் என்று யாராவது சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். எப்படிக் கேட்பது என்றும் சொல்லிக் கொடுக்க வேண்டும். “என்னடி மூஞ்சத் தூக்கி வெச்சிருக்க?” என்று கேட்டால் வருகிற பதில் வேறு, “ரெண்டு நாளா சரியா சாப்பிடலையே, வீட்ல ஏதாவதா?” என்று கேட்டால் வருகிற பதில் வேறு.

ஊர் பெயர் வேண்டாம், ஒரு சிறையில் நான் பார்த்தது. ஒரு பெண் திடீரென்று தையல் பிரிவுக்கு வர மாட்டேன் என்று அடம் பிடித்தார். வழக்கமாக இது ஒழுங்கீனம் என்று பதிவாகும். ஒழுங்கீனம் பதிவானால் தண்டனைக் குறைப்பு நாள் போகும், விடுப்பு மனுவிலும் அது பேசும். அன்று டூட்டியில் இருந்த காவலர், அந்தம்மா ஏதோ ஒரு பயிற்சிக்குப் போய்வந்தவர், பதிவேட்டை எடுக்கும் முன் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். தையல் மெஷினுக்கு நூல் கோக்கக் கண் தெரியவில்லை, சொன்னால் வேலையை விட்டு எடுத்துவிடுவார்கள் என்று பயம். ஒரு கண்ணாடியோடு முடிந்தது.

இதற்கு நேர்மாறாகவும் பார்த்தேன். வேறொரு இடத்தில் ஒருவருக்கு ஜாமீன் கிடைத்து, ஜாமீன்தாரர் இல்லாமல் உள்ளேயே கிடந்தார். கோர்ட் உத்தரவு வந்த தேதியையும் அவர் இன்னும் பிளாக்கில் இருக்கிறார் என்பதையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்க யாரும் இல்லை. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

இன்றைக்குச் சட்டம் அந்த மனிதருக்கு எவ்வளவோ வழி வைத்திருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479-வது பிரிவு, இதற்கு முன் எந்தக் குற்றத்துக்கும் தண்டனை பெறாத விசாரணைக் கைதி, இப்போதைய குற்றத்துக்கான அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கை உள்ளேயே கழித்துவிட்டால் பிணையில் விடுவிக்க வேண்டும் என்கிறது, மற்றவர்களுக்குப் பாதி. மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களுக்கு இது பொருந்தாது. வேறு விதிவிலக்குகளும் உண்டு. அந்தக் காலம் முடிந்ததும் கோர்ட்டுக்கு எழுத வேண்டிய கடமை சிறைக் கண்காணிப்பாளருக்கு. ஏழைக் கைதிகளுக்கு உதவ 2023-ல் மத்திய அரசு கொண்டுவந்த திட்டத்தில், ஜாமீன் தொகை கட்ட முடியாத விசாரணைக் கைதிக்கு 40,000 ரூபாய் வரை, அபராதம் கட்ட முடியாத தண்டனைக் கைதிக்கு 25,000 ரூபாய் வரை என்று அப்போது வகுத்தார்கள். இரண்டுமே சிறைக்குள் ஒருவர் ஆள் ஆளாகத் தேதி பார்த்து, விசாரித்து, மேலே எழுதினால்தான் நடக்கும். 2022 கடைசியில் இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் கணக்குக் கொடுத்திருக்கிறது. நாலில் மூன்று பேர். இத்தனை பேருடைய தேதியையும் கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுக் கொடுக்கும். ஜாமீன்தாரர் ஏன் வரவில்லை என்று அது கேட்காது.

இனி பணம். 2002 முதல் 2009 வரை சிறைகளை நவீனப்படுத்த மத்திய அரசும் மாநிலங்களும் 75-க்கு 25 என்று போட்டு 1,800 கோடி ரூபாய்த் திட்டம் நடத்தின. புதுச் சிறைகள், பழுது பார்த்தல், ஊழியர் குடியிருப்பு, தண்ணீர், கழிப்பறை. எல்லாம் தேவைதான், குறை சொல்ல மாட்டேன். பிறகு 2021 முதல் 2026 வரைக்கு 950 கோடி ரூபாயில் இன்னொரு திட்டம். அதில் முன்னே நிற்பது பாதுகாப்புக் கருவிகள். கட்டடத்துக்கும் கருவிக்கும் திறப்பு விழா உண்டு, கல்வெட்டு உண்டு. ஒரு காவலர் ஒரு கைதியிடம் சரியாகக் கேள்வி கேட்கக் கற்றுக்கொண்டதற்குக் கல்வெட்டு வைக்க முடியாது. அதனால்தான் ஒதுக்கீட்டில் அது எப்போதும் கடைசியில் வருகிறது என்று நான் நினைக்கிறேன்.

பயிற்சி கொடுக்க இடமே இல்லை என்றும் சொல்ல முடியாது. வேலூரில் சிறை அதிகாரிகளுக்கான பயிற்சியகம் 1979-லிருந்து இருக்கிறது. தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரம் நாலும் சேர்ந்து உண்டாக்கியது. சென்னையிலிருந்து ரயிலில் ஏறினால் காட்பாடி எவ்வளவு தூரம்? எழும்பூரில் சமூகப்பணிக் கல்லூரி இருக்கிறது, சொல்லிக் கொடுக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். சிக்கல் வேறிடத்தில். ஒரு காவலரைப் பத்து நாள் பயிற்சிக்கு அனுப்பினால் அந்தப் பத்து நாள் அவருடைய பிளாக்கில் யார் நிற்பது? ஏற்கெனவே ஆள் குறைவு. மற்றவர்கள் இரட்டை டூட்டி பார்க்க வேண்டும். எந்த ஜெயிலர்தான் மனமுவந்து அனுப்புவார்? அனுப்பினாலும், எளிதில் விட்டுக்கொடுக்க முடிகிறவரைத்தான் அனுப்புவார். உண்மையில் போக வேண்டியவர் பிளாக்கில் நின்றுகொண்டிருப்பார். ஆகவே பயிற்சிக்குப் பணம் என்று கேட்கும்போது, வாத்தியார் சம்பளமும் விடுதிச் சாப்பாடும் மட்டும் கேட்டால் போதாது. மாற்று ஆளுக்கான கூலியையும் சேர்த்துக் கேட்க வேண்டும். செலவில் பெரிய பகுதி அதுதான்.

அமெரிக்காவில் இந்தப் பாடம் ரத்தம் சிந்தித்தான் வந்தது. 1971 செப்டம்பரில் நியூயார்க் மாநிலத்து அட்டிகா சிறையில் கலவரம். அது அடக்கப்பட்டு முடிந்தபோது 43 உயிர் போயிருந்தது, கைதிகளும் ஊழியர்களுமாக. அந்த அதிர்ச்சிக்குப் பிறகு 1974-ல் தேசியச் சீர்திருத்த நிறுவனம் என்று ஒன்றைச் சட்டம் போட்டு அமைத்தார்கள். மாநிலச் சிறைகளோடு, ஷெரீஃப் என்கிற உள்ளூர் போலீஸ் தலைவர் கையில் இருக்கும் ஜெயில்களின் ஊழியர்களுக்கும் பயிற்சியும் ஆலோசனையும் தருவது அதன் வேலை. பயிற்சிக்குக் கட்டணம் வாங்குவதில்லை. அந்த ஜெயில்களில் ஆட்கள் நம் ரிமாண்டு சிறை மாதிரி வருவதும் போவதுமாக இருப்பார்கள். அவர்களுக்கு அந்த நிறுவனம் சொல்லிக் கொடுக்கிற ஆறு விஷயங்களில் முதலாவது, வருகிற ஒவ்வொருவருடைய ஆபத்தையும் தேவையையும் விசாரித்து எழுதுவது. பூட்டு, லத்தியெல்லாம் அதற்குப் பின்னால். அங்கே சிறைகளில் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்ல வரவில்லை, எத்தனையோ கோளாறு. ஊழியருக்குச் சொல்லிக் கொடுப்பதற்கென்றே நிலையான ஒரு நிதியும் அலுவலகமும் வேண்டும் என்று ஐம்பது வருஷத்துக்கு முன்பே முடிவு செய்தார்கள் அல்லவா, அதைத்தான் எடுத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

நம்மிடம் அதற்கு ஒரு வழி கையிலேயே இருக்கிறது. பெட்ரோல் பங்க், சிறைச் சந்தையில் விற்கும் ரொட்டி, துணி, செருப்பு என்று கைதிகள் உழைப்பில் வியாபாரம் நடக்கிறது. அந்த வருமானத்தில், கைதிகளின் கூலியில் ஒரு ரூபாய்கூடக் கை வைக்காமல், துறைக்கு வரும் பகுதியிலிருந்து ஒரு சிறு சதவீதத்தை ஊழியர் பயிற்சிக்கும் மாற்று ஆளுக்குமென்று அரசாணை போட்டு ஒதுக்கலாம். கூலியைத் தொடக்கூடாது என்பதில் நான் கண்டிப்பாக இருக்கிறேன். 1998-ல் குஜராத் வழக்கில் உச்ச நீதிமன்றம் கைதியின் உழைப்புக்கு நியாயமான கூலி தர வேண்டும் என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. காவலருக்குப் பாடம் நடத்தக் கைதியின் கூலியைப் பிடிப்பது நியாயமாகாது. சட்டமன்றத்தில் சிறைத்துறை மானியக் கோரிக்கை வரும்போது எங்கள் தொகுதி உறுப்பினருக்கு இதை எழுதிக் கொடுப்பதாக இருக்கிறேன். அம்பத்தூர், மாதவரம் பக்கம் இருப்பவர்கள் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் நல்லது.

பெட்ரோல் போடும் இடமாக ஐந்துக்கு ஐந்து தருகிறேன். காலையில் ஆபீஸ் போகிற நேரத்தில் இந்தச் சாலையே நெரிசல், மதியத்துக்கு மேல் போனால் சுலபம். போகிறவர்களிடம் இன்னும் ஒன்று. அங்கே வேலை செய்கிறவர்களைப் போட்டோ, வீடியோ எடுக்காதீர்கள். என்ன கேஸ், எத்தனை வருஷம், எந்த ஊர் என்று கேட்காதீர்கள். அதைக் கேட்க வேண்டியவர்கள் உள்ளே இருக்கிறார்கள். “முன்னூறு ரூபாய்க்குப் போடும்மா” என்று சொல்லுங்கள், ஜீரோ பாருங்கள், பணம் கொடுங்கள், முகத்தைப் பார்த்து நன்றி சொல்லுங்கள்.